மாடிப்படித் தோரணம்

என் அப்பா ஒரு வார்த்தையை வாயிலிருந்து விட்டுவிட்டால், பிறகு அந்த வார்த்தைக்கு அவர் வேலைக்காரர். ஒருநாள் காலையில் காபி ஆறிப்போய் வந்ததென்று அம்மாவிடம் சத்தம் போட்டு, "இனிமே காப்பியே குடிக்க மாட்டேன்" என்றார். அன்றோடு காபி நின்றது. மழைக்காலத்தில் நாங்கள் ஆளுக்கொரு டம்ளரோடு உட்கார்ந்திருக்க, அவர் வெந்நீரை ஊதி ஊதிக் குடிப்பார். கோபம் என்னவோ அன்று மத்தியானமே போய்விட்டது. வார்த்தை மட்டும் அவர் கூடவே கடைசிவரை இருந்தது.

அப்படிப்பட்டவர், ராஜபாளையத்தில் என் புகுந்த வீட்டு நிலையில் கையை வைத்து, "இந்த வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன்" என்று தெருவே கேட்கச் சொன்னபோது, வந்திருந்த சொந்தக்காரர்கள் "நாலு நாள்ல சரியாப் போயிரும்" என்றார்கள். அவர்களுக்குக் காபி கதை தெரியாது.

நடந்தது இவ்வளவுதான். என் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். எங்கள் பக்கம் அது மாற்ற முடியாத முறை. என் தம்பி சிவகாசியில் ஒரு அச்சாபீசில் வேலை பார்த்தான். காலையில் புறப்பட்ட பஸ் வழியில் நின்றுவிட்டது. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார், நல்ல நேரம் முடியப் போகிறது, தம்பியைக் காணோம். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், "நேரம் போனா வருமா?" என்று பிள்ளையைத் தூக்கி என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் மடியில் உட்கார வைத்துவிட்டார். பின்கட்டில் சமையல்காரரோடு பேசிக்கொண்டிருந்த அப்பா, பிள்ளை வீறிட்ட சத்தம் கேட்டு வந்து பார்த்தார். இரண்டாவது காதும் முடிந்திருந்தது.

"எம் மகன் உசுரோட இருக்கும்போது எம் பேத்திக்கு வேற மடியா?" என்றார். அத்தையும் சும்மா இருக்கிற ஆளில்லை. "ஒங்க மகனுக்காக நல்ல நேரம் காத்துக்கிட்டா இருக்கும்?" என்றார். அதற்குப் பிறகுதான் நிலையில் கை வைத்தது. போட்ட இலையில் உட்காராமல் அப்பா தெருவில் இறங்கி நடந்தார். அம்மா பின்னாலேயே போனாள். போகும்போது அம்மா என்னிடம் ஏதாவது சொன்னாளா என்று எனக்கு நினைவில்லை. நான் அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா சொன்னதற்கு அத்தை ஒரு பதில் வைத்தார். "அவரு நம்ம வாசல மிதிக்காத வரைக்கும், நம்ம வீட்டு மருமக அங்க போய் நிக்க வேண்டாம்." அப்பா அம்மா இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் என்ன பெரிய தூரம்? பஸ்ஸில் ஏறி ஒரு கோழித்தூக்கம் போடுவதற்குள் ஊர் வந்துவிடும். அந்தத் தூரத்தை மூன்று வருஷம் என்னால் தாண்ட முடியவில்லை. ஆடி மாதம் தேர் பார்க்கிற சாக்கில் மட்டும் போவேன். கூட்டத்தில் அம்மா என்னைத் தேடிக் கண்டுபிடித்து, இடுப்பிலிருந்து பூவை எடுத்துத் தலையில் வைத்துவிட்டு, பிள்ளையை ஒரு தடவை தூக்கிக் கொஞ்சிவிட்டு, "அப்பா தேடுவாக" என்று போய்விடுவாள். வடம் பிடிக்கிற சத்தத்தில் நாங்கள் பேசிக்கொண்டது பாதி கேட்டிருக்காது.

எண்பதுகளின் கடைசியில் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. கார்த்திகையில் முகூர்த்தம். தம்பி மூலம் சேதி வந்ததும் நான் அத்தை முன்னால் போய் நின்றேன். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "முறையா வந்து, உக்காந்து, தட்டு வச்சு அழைச்சா எல்லாரும் போவோம். தெருவுல நின்னு நீட்டுனா வாங்க மாட்டேன். அழைக்காத கல்யாணத்துக்கு இந்த வீட்ல இருந்து யாரும் போகப் போறதில்ல. ஒன்னையும் சேத்துத்தான் சொல்லுதேன்."

எனக்கு இருப்பது ஒரே தங்கை. அவளுக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தவள் நான். அவள் மணவறையில் உட்காரும்போது நான் ஏழு மைல் தள்ளி அரிசி களைந்துகொண்டிருப்பேன் என்று நினைத்தாலே எனக்கு ஆத்திரம் பொங்கியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஒருநாள் அப்பா மேல், ஒருநாள் அத்தை மேல், ஒருநாள் நின்றுபோன அந்த பஸ் மேல்.

வழியைக் கண்டுபிடித்தது என் வீட்டுக்காரர். பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் மேஸ்திரியாக இருந்தார். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "மாடிக்கு வாசல் கெடையாதே" என்றார். எனக்குப் புரியவில்லை. "நம்ம மாடிப்படி வெளிய முடுக்குச் சந்துல இருந்துதான ஏறுது? ஒங்க அப்பா அப்படியே ஏறி மொட்டை மாடிக்கு வந்துரலாம். எந்த வாசப்படியையும் மிதிக்க வேண்டாம். மாடியில உக்காந்து பத்திரிகை வச்சா, நம்ம எடத்துல வந்து உக்காந்து வச்சதுதான?"

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை ரொம்ப நேரம் யோசித்தார். "மாடியும் நம்ம வீடுதான்" என்றார் கடைசியில். தம்பி சேதியைக் கொண்டுபோனான். அப்பாவின் பதில் வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரம் நான் வைத்த குழம்பு எதிலும் உப்பு சரியாக இல்லை.

"மொட்டை மாடின்னா வாரேன்னு சொல்லிட்டாக" என்றான் தம்பி. "வானத்துக்குக் கீழ உக்காந்தா அது யாரு வீடும் இல்லன்னாக."

மாடி அந்த அத்தைக்கு வீடாகவும் இந்த அப்பாவுக்கு வீடில்லாததாகவும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் மாடிக்குப் போய்ச் சுற்றிலும் பார்த்தேன். வற்றல் காயப்போட்ட பழைய சேலை, ஒரு மூலையில் உடைந்த தொட்டில் கம்பு, காற்றடித்தால் திரும்பிக்கொள்கிற டி.வி. ஆன்டெனா, மழையில் பாசி பிடித்துக் கறுத்துப்போன கைப்பிடிச் சுவர். இங்கே கொண்டுவந்து சம்பந்தியை உட்கார வைத்தால் அவர் தெருவிலேயே நின்றிருக்கலாம் என்று தோன்றும். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் மாடியில் விருந்தாளியை உட்கார வைக்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. மாடி என்றால் வற்றலுக்கும் மெத்தைக்கும்தான். நான் ஒரு வாரப் பத்திரிகையில் யாரோ பட்டணத்துக்காரர் வீட்டு மாடிப் படம் பார்த்திருந்தேன். சுற்றிலும் பூந்தொட்டி, நடுவில் நாற்காலிகள், சிரித்துக்கொண்டிருக்கிற மனுஷர்கள். சிரிப்பது இருக்கட்டும், உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

ஐப்பசி கடைசி. மல்லிகைக்கு அது மாதமில்லை, பிச்சியும் அடங்கிவிட்டிருந்தது. மழைக்குப் பிறகு வருகிற பூக்கள்தான் கிடைக்கும்: செவ்வந்தி, கேந்தி, கோழிக்கொண்டை. எண்ணெய் டின்களை இரண்டாக வெட்டி நான் வைத்திருந்த டிசம்பர் செடிகள் அப்போதுதான் முதல் மொட்டுக்களை விட்டிருந்தன. டின்களின் துருவை மறைக்கக் காவியைக் கரைத்துப் பூசினேன். அவற்றைச் சுவரோரம் வரிசையாக வைத்தேன். பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை முட்டி போட வைத்தது போலிருந்தது. கலைத்து மூலைக்கு மூன்று நான்காகக் கூட்டி வைத்தேன். அது கொஞ்சம் பரவாயில்லை.

கறுத்த சுவரை மறைக்க என் வீட்டுக்காரர் தறிக்கூடத்திலிருந்து ஒரு சுருள் பேண்டேஜ் துணி கொண்டுவந்தார். அதை அலசி, நீலம் போட்டுக் காயவைத்து, சுவர் நெடுக அலை அலையாகத் தொங்கவிட்டேன். அவர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு" என்றார்.

"ஆஸ்பத்திரின்னாலும் அப்பா மேல வந்து உக்காந்தா சரி" என்று வெடித்தேன். பாவம், அவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் அவர் சொன்னது உண்மைதான். அப்பா வருகிற அன்று காலையில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பூக்கடைக்குப் போய்க் கூடை நிறையச் செவ்வந்தி வாங்கிவந்து, துணியின் ஒவ்வொரு மடிப்பிலும் துளசியோடு சேர்த்துச் சின்னச் சின்னக் கொத்துகளாக ஊக்குக் குத்தினேன். ஆஸ்பத்திரி மறைந்தது. பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் விட்டுக் கேந்தி இதழ்களைப் பரப்பினேன். ஜமுக்காளத்தை விரித்து, நடுவில் கோழிக்கொண்டையையும் மரிக்கொழுந்தையும் ஒரு செம்பில் வைத்தேன். பக்கத்து வீட்டு அம்மா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், நாற்காலிகளைச் சுவர் மேலாக எடுத்துக் கொடுத்தார். "பாகுந்தி" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குன்னு சொன்னேம்மா. ஏன் இப்படி வேர்க்குது ஒனக்கு?" என்றார்.

வேர்க்காமல் என்ன செய்யும்? மேற்கே மலை முழுக்க மேகத்துக்குள் போயிருந்தது. மழை வந்தால் எல்லாம் போச்சு. வீட்டுக்குள் கூப்பிட முடியாது, மாடியில் நிற்க முடியாது. நிமிஷத்துக்கு ஒரு தடவை மலையைப் பார்த்தேன். அன்றைக்குப் பார்த்து எல்லாப் பயத்தையும் மேகத்தின் மேலேயே வைத்துவிட்டேன்.

கடைசியாகத்தான் படி ஏறிவருகிற இடத்தைக் கவனித்தேன். துணி காயப்போடக் கொடி கட்டுகிற இரண்டு இரும்புக் குழாய்கள் படியின் இரண்டு பக்கமும் நின்றன. அப்பா ஏறி வந்ததும் முதலில் பார்க்கப் போவது அதைத்தான். துருப்பிடித்த குழாயா அவரை வரவேற்பது? குழாய் இரண்டிலும் கேந்திச் சரத்தைச் சுற்றினேன். மேலே குறுக்காக ஒரு மூங்கிலைக் கட்டினேன். மாவிலைத் தோரணம் கட்டி, அதற்குக் கீழே மஞ்சள் செவ்வந்தியை நெருக்கித் தொடுத்து, சிவப்புக் கோழிக்கொண்டையை இடைவிட்டு வைத்து இரண்டு சரம் தொங்கவிட்டேன். சொன்னால் என்ன, ரொம்ப அழகாக இருந்தது. அத்தை வடைக்கு மாவு ஆட்டிவிட்டு மேலே வந்தார், அண்ணாந்து பார்த்தார், "நல்லாத்தான் இருக்கு" என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அத்தை என் கைவேலையைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. நான் பூரித்துப்போனேன்.

நான்கு மணி மில் சங்கு ஊதிச் செத்த நேரத்தில், முடுக்கில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. மேலேயிருந்து எட்டிப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. தலைமுடி மூன்று வருஷத்தில் நன்றாக நரைத்திருந்தது. எங்கள் தலைவாசலைக் கடக்கும்போது, வெயில் கண்ணில் அடிக்கிறது போல முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வெயிலே இல்லை. பின்னால் அம்மா, இரண்டு கையிலும் தட்டைப் பிடித்துக்கொண்டு, வெற்றிலை பாக்கு, பழம், குங்குமச் சிமிழ், பத்திரிகை எல்லாவற்றையும் ஒரு துணியால் மூடி எடுத்து வந்தாள்.

செருப்பைக் கீழே விட்டுவிட்டு அப்பா படியேறினார். நாங்கள் மூன்று பேரும் மேலே நின்றோம். கடைசிப் படிக்கு முந்தின படியில் அவர் கால் நின்றது. அண்ணாந்து பார்த்தார்.

"வாங்கப்பா" என்றேன்.

"இது என்னதுத்தா?"

"தோரணம்பா."

"அது தெரியுது. எங்க கட்டிருக்க?"

அவர் வலது பக்கக் குழாயைப் பார்த்தார், இடது பக்கக் குழாயைப் பார்த்தார், மேலே மூங்கிலைப் பார்த்தார். கையை நீட்டி ஒரு குழாயைத் தொட்டார். "ரெண்டு பக்கமும் காலு நிக்கி. மேல கட்டை. மாவிலை தொங்குது. இது வாசல்லா?" என்றார்.

என் வீட்டுக்காரர் வேடிக்கையென்று நினைத்துச் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தில் கிண்டல் இல்லை, சண்டையும் இல்லை. அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். வர வேண்டுமென்று நினைத்துப் புறப்பட்டு வந்த மனுஷர், வழியில் சுவர் எழும்பி நிற்பதைப் பார்த்த முகம் அது. அந்தச் சுவரை நானே காலையிலிருந்து உட்கார்ந்து தொடுத்திருக்கிறேன்.

"மாமா, அது துணி காயப்போடுற பைப்பு" என்றார் என் வீட்டுக்காரர்.

"நேத்து வரைக்கும் பைப்பு மாப்பிள்ளை. இன்னைக்குத் தோரணம் ஏறிருச்சு. தோரணம் கட்டுனா அது வாசல். நான் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லிருக்கேன்."

"அம்புட்டுதான? அவுத்துட்டாப் போச்சு" என்று இவர் மூங்கில் கட்டில் கை வைத்தார்.

"தொடாதீய!" அப்பாவும் அத்தையும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மூன்று வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில்தான். "கல்யாணப் பத்திரிகை வைக்க வந்து நிக்கேன். கட்டுன தோரணத்தைக் கண்ணு முன்னால அவுப்பீயளா? எம் பொண்ணு நல்லா இருக்க வேண்டாமா?" என்றார் அப்பா. அத்தை, "அதான, அது ஆகாது" என்றார்.

"அப்ப அங்க இருந்தே குடுங்கப்பா. நான் வாங்கிக்கிடுதேன்" என்று கையை நீட்டினேன். அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார். "வாசலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்னுக்கிட்டு மங்கலப் பொருளைக் குடுப்பாகளா?" அப்பா தலையை ஆட்டினார். அதிலும் ஒற்றுமை.

"அப்ப நீங்களாவது படியில எறங்கி வாங்கிக்கோங்க அத்தை."

"படியில நின்னு வாங்குனா தெருவுல வாங்குனதுதான். நான் சொன்னதும் சொன்னதுதான்."

யாரும் அசையவில்லை. பின்னால் நான் அலங்கரித்த மாடி காலியாகக் கிடந்தது. தாம்பாளத்தில் கேந்தி இதழ் காற்றில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. வடை ஆறிக்கொண்டிருந்தது. அத்தை என் காதோரம் குனிந்து, "பிள்ளைய விட்டுத் தாத்தான்னு கையப் பிடிச்சு இழுக்கச் சொல்லு. வந்துருவாரு" என்றார். மகள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து செவ்வந்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தாத்தா முகமே தெரியாது. "அவள வச்சுத்தான் ஆரம்பிச்சது. இனி அவளைத் தூண்டில்ல மாட்ட மாட்டேன்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அப்பாவுக்கும் கேட்டிருக்கும்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நான் வரணும்னுதாம்மா வந்தேன். இனி நான் என்ன செய்ய? கெளம்புதேன்" என்று திரும்பினார். அவ்வளவுதான், தங்கை கல்யாணம் எனக்கு முடிந்துபோயிற்று என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. அந்தச் சரம் முழுவதையும் இழுத்துக் கீழே போட்டு மிதிக்க வேண்டும் போலிருந்தது.

எங்கள் மாடிப்படி குறுகல். ஒரு ஆள்தான் தாராளமாகப் போகலாம். அப்பாவுக்குக் கீழ்ப்படியில் அம்மா தட்டோடு நின்றாள். அவள் இறங்கினால்தான் அவர் இறங்க முடியும். அவள் இறங்கவில்லை.

"எறங்கு" என்றார் அப்பா.

"செத்த ஒதுங்கி நில்லுங்க" என்றாள் அம்மா.

அவள் எதற்குச் சொல்கிறாள் என்று புரியாமலே அவர் சுவரோடு ஒட்டி நின்றார். அம்மா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவரை உரசியபடி மேலே ஏறினாள். தோரணத்துக்குக் கீழே வந்ததும் நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. செவ்வந்திச் சரம் அவள் உச்சந்தலையில் உரசியது. அடுத்த அடியில் அவள் மாடியில் நின்றாள்.

"நான் யாரு வாசல்லயும் கை வச்சு எதுவும் சொல்லலயே" என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. அப்போதுதான் கண்டுபிடித்தவள் போலச் சொன்னாள்.

அம்மா ஜமுக்காளத்தில் தட்டை வைத்து, துணியை எடுத்து மடித்து இடுப்பில் செருகினாள். குங்குமச் சிமிழைத் திறந்து அத்தை முன்னால் நீட்டினாள். "மதினி, எம் மகளுக்குக் கல்யாணம். குடும்பத்தோட முந்தின நாளே வந்து முன்னால நிக்கணும்."

அத்தை சிமிழைப் பார்த்தார், படியைப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்து அழைக்கிறதுதான முறை?" என்றார். குரலில் பிடிவாதம் பாதிதான் இருந்தது.

அம்மா நிமிர்ந்தாள். சிமிழை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். குங்குமம் சிமிழின் விளிம்பில் சிந்தியது. "அவிய படியில நிக்காக. நான் இங்க நிக்கேன். ரெண்டு பேரும் வந்தாச்சுல்லா?"

அத்தை விரலால் குங்குமத்தைத் தொட்டார். நெற்றியில் வைத்துக்கொண்டே, "அன்னைக்குச் செத்த நேரம் பொறுத்திருக்கலாம் மதினி. எனக்குத்தான் பொறுக்கல" என்றார். மெதுவாகச் சொல்லவில்லை. படியில் இருந்தவருக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. அவ்வளவுதான்.

அத்தை தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். நான் அப்படியே ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் இலை போட்டேன். அம்மா கேசரியைத் தொட்டாள், வடையைப் பிட்டாள். என் வீட்டில் அம்மா கை நனைத்து எத்தனை காலம் ஆயிற்று! மகள் அவள் மடியில் ஏறி, அவள் தலையில் ஒட்டியிருந்த செவ்வந்தி இதழை எடுத்தாள். படியில் அப்பா உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு தட்டில் வடை கொண்டுபோய் நீட்டினேன். வேண்டாமென்று கையைக் காட்டினார். கோபமாக இல்லை. எதையும் விழுங்க முடியாதவர் போல இருந்தார்.

மேகம் கலைந்து மலை திரும்பவும் வெளியே வந்திருந்தது. "ஏட்டி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று படியிலிருந்து குரல் வந்தது.

"நீங்க போங்க. நான் காலைல வாரேன்" என்றாள் அம்மா.

எனக்கு விவரம் தெரிந்து அம்மா அப்பாவிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அத்தைகூட வாயில் கையை வைத்துக்கொண்டார். இப்போது அவர் கத்துவார், இல்லையென்றால் இன்னொரு சபதம் போடுவார், அதைச் சாகும்வரை காப்பாற்றுவார் என்று பயந்தேன். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படியில் காலடிச் சத்தம் இறங்கியது. செருப்பை மாட்டுகிற சத்தம். பிறகு முடுக்கில் நடக்கிற சத்தம். என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்.

அம்மா கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். முடுக்கைச் சுற்றி வந்து, எங்கள் தலைவாசல் முன்னால் ஒரு நிமிஷம் நின்று, உள்ளே வந்தாள். நான் புதிதாகப் போட்ட அலமாரி, பிள்ளையின் உடுப்புகள், பின்கட்டு, கிணறு எல்லாவற்றையும் விளக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். சாமான்களைத் தொட்டுப் பார்த்தாள்.

நான் தோசைக்கல்லைப் போட்ட நேரத்தில் என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். "மாமா பஸ் ஏறிட்டாக. நான் டீ வாங்கிக் குடுத்தேன், குடிச்சாக" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்துத் தயங்கிக்கொண்டே, "ஒங்களைக் காலைல ஜன்னலோரமா எடம் பாத்து ஏத்தி விடணுமாம். நடு சீட்டுன்னா ஒங்களுக்குத் தல சுத்துமாம். ரெண்டு தடவ சொன்னாக" என்றார்.

அம்மா அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தட்டில் தோசையை வைத்தேன். அவள் அதைப் பிட்டாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"சபதம் போட்டது அவியதான?" என்றாள் கடைசியில். "பொறவு நான் எதுக்குட்டி மூணு வருசம் வராம இருந்தேன்?"

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லில் தோசை தீய்ந்தது.